எண்ணெய் என்னுடையது, கூலி உங்களுடையது

மெக்கானிக் பாய் அட்டைப்பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்ததை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மேடம், இது டீசல் வண்டியோடது."

அதற்குள் என் ஸ்விஃப்ட்டின் பழைய ஆயில் முழுக்க வடிந்து, குழிக்குள் இருந்த தகர டின்னில் கன்னங்கரேலென்று கிடந்தது. பழைய ஃபில்டரையும் கழற்றிப் போட்டாயிற்று. வண்டியை ஸ்டார்ட் செய்ய முடியாது. பின்னால் ஒரு டாக்ஸிக்காரர் குழி காலியாவதற்காக நின்றுகொண்டிருந்தார். ஆன்லைனில் தேடி, ஆர்டர் போட்டு, மூன்று நாள் காத்திருந்து நான் பெருமையாகக் கொண்டுவந்த ஆயில் ஃபில்டர் வெறும் காகித மடிப்பு உருளை. பெட்ரோல் ஸ்விஃப்ட்டுக்கு வேண்டியது தகர டப்பா மாதிரி முழுதாகத் திருகி மாட்டுகிற ஃபில்டர். டீசல் ஸ்விஃப்ட்டில் அதற்கென்று ஒரு கூடு உண்டு, உள்ளே இருக்கும் காகிதத்தை மட்டும் மாற்றுவார்கள். 2020-இல் மாருதி டீசல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது என்றாலும் ஓடிக்கொண்டிருக்கிற டீசல் வண்டிகளுக்கு ஃபில்டர் வேண்டுமே, அதனால் இரண்டும் கடையில் இருக்கும். வண்டிப் பெயரையும் வருடத்தையும் சரியாகப் போட்டவள், பெட்ரோலா டீசலா என்ற கட்டத்தைப் பார்க்காமல் விட்டிருந்தேன்.

பாய் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பட்டறைப் பையனிடம் பைக் சாவியைக் கொடுத்து, "பெட்ரோல் ஸ்விஃப்ட், ஆயில் ஃபில்டர் ஒண்ணு" என்று அனுப்பிவிட்டு, டாக்ஸிக்காரரை அழைத்துக்கொண்டு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போய்விட்டார். நான் ஒரு டயரின் மேல் உட்கார்ந்து நாற்பது நிமிடம் அந்தக் காகித உருளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கதை எங்கே ஆரம்பித்தது என்றால், வண்டிக்கு வாரண்டி முடிந்த வருடத்தில். அதுவரை கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் விடுவோம். கண்ணாடிச் சுவர், ஏசி, காப்பி மெஷின், டை கட்டிய பையன். பில் இரண்டு பக்கம் வரும். என்ஜின் ஆயில், ஃபில்டர் எல்லாம் சரி. அதற்குக் கீழே ஏசி கிருமிநாசினி, என்ஜின் கோட்டிங், த்ராட்டில் கிளீனர் என்று நான் கேட்காதவை வரிசையாக நிற்கும். ஒரு தடவை மட்டும் துணிந்து கேட்டேன்: "என்ன கிரேடு ஆயில் ஊத்தினீங்க?" டை கட்டிய பையன் சிரித்தார். "கம்பெனி ஆயில்தான் மேடம்." பெரிய சென்டர்களில் ஆயில் பேரலிலிருந்து குழாய் வழியாக வருகிறது. கேன் இல்லை, சீல் இல்லை, பார்க்க ஒன்றும் இல்லை. ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவே இல்லை. சரியான ஆயிலைச் சரியான அளவில்தான் ஊற்றியிருப்பார்கள். ஆனால் அதை நம்புவதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை என்பதுதான் உறுத்தியது.

அம்மா என்னை வளர்த்தது அப்படி இல்லை. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் மிளகாயும் மல்லியும் காயவைத்து, தூக்குச் சட்டியில் கட்டி, என்னை மாவு மில்லுக்கு அனுப்புவார். அனுப்பும்போது சொல்வது ஒன்றே ஒன்று: "அரைச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நில்லு." முன்னால் யாராவது கேழ்வரகு அரைத்திருந்தால் முதல் இரண்டு கைப்பிடியைத் தனியாக எடுக்கச் சொல்ல வேண்டும். கண் எரிந்தாலும் நகரக் கூடாது. மில்காரர் எங்களை ஒரு நாளும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. சாமான் நம்முடையது, மெஷின் அவருடையது, படிக்கு இத்தனை என்று கூலி. கீழே சிந்தியது அவருக்கு. இதில் கௌரவப் பிரச்சினை எங்கே வந்தது?

தையல்காரரிடம் துணியை நாம்தான் எடுத்துக்கொண்டு போகிறோம். எண்ணெய் ஆட்டக் கடலையை நாம்தான் மூட்டை கட்டிக்கொண்டு போகிறோம். வீடு கட்டும்போது சிமெண்டும் கம்பியும் நாம் இறக்கிக் கொடுத்தால் கொத்தனார் கூலிக்கு வேலை செய்கிறார். லேபர் கான்ட்ராக்ட் என்று அதற்குப் பெயர்கூட இருக்கிறது. ஆக, நம் சாமானைக் கொண்டுபோய் வேலை வாங்குவது நேற்று முளைத்த பழக்கமில்லை. கார் பட்டறைக்குள் நுழையும்போது மட்டும் அது ஏன் சங்கடமாகிறது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

வாரண்டி இருக்கிற வரைக்கும் இந்த விளையாட்டு வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டப்படி நியாயம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகங்களையும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியே வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனையும் கூடாது, வெளியே பார்த்த வேலையால் கெட்டுப்போனதற்கு மட்டும் மறுக்கலாம் என்றது ஆணையம். பிறகு மேல்முறையீடு, வழக்கு என்று அது நீண்டது. சரி, தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டர் கவுண்டரில் வாதாடுவதற்கு நமக்கு ஏது நேரம்? வாரண்டி முடியட்டும். அப்புறம் வண்டி முழுக்க நம்முடையது.

பாய் பட்டறை அயனாவரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. முன்னால் வேப்பமரம், அதில் ஒரு பழைய கண்ணாடி தொங்கும். ஒரே ஒரு குழி, இரண்டு பையன்கள். முப்பது வருடமாக இதே இடம். முதல் தடவை போனபோது, "ஆயில் ஃபில்டர் எல்லாம் நானே வாங்கிட்டு வரட்டுமா பாய்?" என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டிருந்த கரித்துணி ஒரு நொடி நின்றது.

"வாங்கிட்டு வாங்க மேடம். ஆனா அப்புறம் சத்தம் வந்தாலோ, லீக் அடிச்சாலோ என்னைக் கேக்காதீங்க."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இவ்வளவு கறாராக ஒருத்தர் பேசுவாரா என்று வீட்டில் வந்து புலம்பினேன். இரண்டு சர்வீஸ் போன பிறகுதான் அந்த வாக்கியத்தின் உள்விஷயம் புரிந்தது. அவர் வாங்கிப் போட்ட ஃபில்டர் ஒழுகினால் அவர் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டு வேறு வாங்கிவருவார், எனக்குச் சும்மா மாட்டித் தருவார். நான் வாங்கியது ஒழுகினால்? ஆன்லைன் கடையின் பத்து நாள் கெடு முடிந்திருக்கும். மாட்டியவர் சரியாக மாட்டவில்லை என்று கடை சொல்லும், பொருளே மட்டம் என்று பட்டறை சொல்லும். நடுவில் நானும் வண்டியும் நிற்போம். ஆயிலோடு சேர்த்து நான் வீட்டுக்கு வாங்கிவந்தது அந்தப் பொறுப்பையும்தான். எந்தக் கேனிலும் அதை அச்சடித்திருக்க மாட்டார்கள்.

அன்று அவர் கேட்ட லேபர் 600 ரூபாய். பக்கத்து வண்டிக்காரரிடம் அதே வேலைக்கு 350 வாங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்குச் சுருக்கென்றது. பெண் என்பதால் கூட்டிச் சொல்கிறாரோ என்று வேறு ஒரு நினைப்பு. மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது எனக்கு, கேட்டேவிட்டேன்.

பாய் ஒளிக்காமல் சொன்னார். "அவரோட ஆயில் நான் குடுத்தது மேடம். கேன்ல எனக்கு முன்னூறு நிக்கும். உங்களோடதுல எனக்கு என்ன நிக்கும்?" கொஞ்சம் நிறுத்தினார். "லேபர் அறுநூறுன்னு சொன்னா ஜனங்க சண்டைக்கு வராங்க. ஆயில்ல முன்னூறு வச்சா யாரும் வாயத் திறக்கறதில்ல. நான் என்ன பண்ணட்டும்?"

இந்தப் பதிலை நான் ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். நாம் பொருளுக்குக் காசு கொடுப்போம், கைக்குக் கொடுக்க மாட்டோம். இரண்டாயிரம் ரூபாய் ஸ்பேர் பார்ட்ஸ் பில்லை மறுபேச்சில்லாமல் கட்டுகிறவர், அதை மாட்ட ஐநூறு கேட்டால் "ரெண்டு போல்ட் திருகறதுக்கா?" என்பார். அதனால் மெக்கானிக்குகள் தங்கள் கூலியைப் பொருளுக்குள் ஒளித்துவைக்கக் கற்றுக்கொண்டார்கள். மாவு மில்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை, அவருடைய கூலி வெளியில் பலகையில் எழுதித் தொங்குகிறது. நம் ஆயிலை நாம் கொண்டுபோகும்போது அவர் ஒளித்துவைத்த இடத்தையே எடுத்துவிடுகிறோம். அப்புறம் கூலி வெளியே வந்து நிற்கத்தானே செய்யும்? பழைய லேபரையே கொடுப்பேன், ஆயிலும் என்னுடையதுதான் என்று அடம்பிடித்தால், அது சிக்கனம் இல்லை, அவர் அரை நாள் கூலியை நாம் பாக்கெட்டில் போட்டுக்கொள்வது.

600 கொடுத்தேன். இப்போது 700. ஒரு தடவைகூட அதற்கு மேல் பேசியதில்லை.

சரி, ஆயில் விஷயத்துக்கு வருகிறேன். பாய்க்கும் எனக்கும் நடந்த ஒரே பெரிய சண்டை இதில்தான். நான் கொண்டுபோனது 5டபிள்யூ-30. அவர் கேனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தண்ணி மாதிரி இருக்கும் மேடம். நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-40 தான் தாங்கும்" என்றார். பழைய மெக்கானிக்குகள் பலர் இப்படித்தான் சொல்வார்கள். அவர்கள் கற்றுக்கொண்ட அம்பாசடர், பத்மினி காலத்துக்கு அது சரியாகவும் இருந்திருக்கலாம்.

அந்த 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கிற எழுத்து. அதற்கு முன்னால் இருக்கும் எண், ஆயில் கடுங்குளிரில் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதற்கு. 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரியில் சோதிப்பார்கள், 10டபிள்யூ என்றால் மைனஸ் 25. பின்னால் வரும் 30, 40 என்பது ஆயில் 100 டிகிரி சூட்டில் இருக்கும்போது எவ்வளவு கெட்டி என்பதற்கு. மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குப் பக்கத்திலேயே நிற்கிற சென்னையில் மைனஸ் 30 எதற்கு என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் காலையில் வண்டியை எடுக்கும் அந்த முதல் சில விநாடியில் ஆயில் எல்லா இடத்துக்கும் ஏறிப் போயிருக்காது, தேய்மானம் அப்போது அதிகம். குளிரிலேயே ஓடுகிற ஆயில் நம் ஊர்க் காலையில் இன்னும் வேகமாக ஓடும். அதோடு இன்றைய என்ஜினுக்குள் இருக்கும் இடைவெளிகளும் துளைகளும் மெல்லிய ஆயிலை மனதில் வைத்தே செய்யப்பட்டவை. புதிய மாருதி பெட்ரோல் என்ஜின்களுக்கு 0டபிள்யூ-16 வரைக்கும் வந்துவிட்டார்கள். பாய் கையில் கொடுத்தால் அதை ஆயில் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்.

நான் வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்தார். "உங்க வண்டி, உங்க ஆயில்" என்று சொல்லிவிட்டு ஊற்றினார். சம்மதம் இல்லை, ஆனால் ஊற்றினார். சாமான் நம்முடையதாக இருப்பதில் இதுதான் உண்மையான லாபம். அவர் கேனாக இருந்தால் அந்த வாதத்தில் நான் ஜெயித்திருக்க முடியாது.

கேனில் இன்னொரு வட்ட முத்திரை இருக்கும், ஏபிஐ என்று, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தர முத்திரை. பெட்ரோல் வண்டிக்கு 'எஸ்' என்று ஆரம்பித்து இரண்டாவது எழுத்து அகரவரிசையில் முன்னேறிக்கொண்டே போகும். எஸ்.என். வந்தது 2010-இல், எஸ்.பி. 2020-இல். எழுத்து தள்ளிப்போகப் போகப் புதிய தரம். சில கடைகளில் ரொம்ப மலிவாகத் தொங்கும் கேன்களில் எஸ்.எஃப்., எஸ்.ஜி. என்று இருக்கும். எண்பதுகளின் தரம் அது. விலை ஏன் குறைவு என்பதற்கு அதிலேயே பதில் இருக்கிறது.

ஃபில்டர் அவமானத்துக்குப் பிறகு ஆன்லைன் பக்கம் போகவில்லை. ஜி.பி. ரோடுக்குப் போனேன். சென்னைக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் பிரிகிற ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, இரண்டு பக்கமும் புது உதிரி பாகக் கடைகள். பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை என்றால் புதுசுக்கு இது. காரை எடுத்துக்கொண்டு போனால் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும், மெட்ரோவில் போய் எல்.ஐ.சி.யில் இறங்கி நடப்பது உத்தமம்.

முதல் கடையில், "ஸ்விஃப்ட் பெட்ரோல், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர்" என்றேன். கவுண்டரில் இருந்தவர், "வீட்ல சாரைப் பேசச் சொல்லுங்க மேடம், எந்த மாடல்னு தெரியணும்" என்றார். எந்த மாடல், எந்த வருடம், எந்த என்ஜின் என்று சொன்ன பிறகும் சாரைத்தான் கேட்டார். இரண்டாவது கடைக்குப் போய்விட்டேன். அங்கே ஒரு பெரியவர் ஆர்.சி. புத்தகத்தின் படத்தைப் போனில் பார்த்து, பாகத்தின் எண்ணை மனப்பாடமாகச் சொல்லி எடுத்துக் கொடுத்தார். ஃபில்டரின் வெளி அளவும் மரையும் ஒத்துப்போனால் வேறு வண்டியின் ஃபில்டர்கூட மாட்டிக்கொள்ளும், ஆனால் உள்ளே இருக்கும் வால்வு வேறு கணக்கில் இருக்கும், அதனால் "ஏறுதே"ன்னு மாட்டிடாதீங்க என்று எச்சரித்தார். அந்த ஒரு வரிக்காகவே அவர் கடைக்கு இன்னும் போகிறேன்.

விலை? எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்த்த உச்ச விலை, அதற்கு மேல் விற்கக் கூடாது, கீழே எவ்வளவுக்கு வேண்டுமானாலும் விற்கலாம். மொத்தக் கடைத் தெருவில் அந்தக் கீழே எவ்வளவு என்பது நம் வாய்ச் சாமர்த்தியம். 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது, அதற்கு முன் அச்சடித்த விலையோடு இருக்கும் பெட்டியைக் கண்டால் தைரியமாகப் பேசலாம். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் நான் வாங்குவதில்லை. போலிச் சரக்கு ஓடுகிற தொழில் இது. நல்ல கம்பெனியின் காலி கேனில் மட்டமான ஆயிலை நிரப்பி, புது மூடி போட்டு விற்கிற கும்பல்கள் அவ்வப்போது பிடிபடுவது செய்தியில் வரும். அதனால் பட்டறையில் ஆயில் ஊற்றி முடித்ததும் கேனைத் திருப்புளியால் குத்தி ஓட்டை போட்டுவிடச் சொல்வேன். நல்ல கேன் முழுசாக இருந்தால் பையன்களுக்குப் பழைய சாமான் கடையில் கூட இரண்டு ரூபாய் கிடைக்கும். அந்த இரண்டு ரூபாயைக் கெடுக்கிற அக்கா என்று எனக்கு ஒரு பெயர் உண்டு.

இவ்வளவு செய்தும் இரண்டாவது தடவை சறுக்கினேன். எல்லாம் சரியாக வாங்கியிருந்தேன். ஆயில், திருகு ஃபில்டர், ஏர் ஃபில்டர். மூன்றாம் நாள் காலையில் காரை எடுத்தபோது பார்க்கிங் தரையில் எட்டணா அளவில் ஒரு கறுப்புப் பொட்டு. மறுநாள் இரண்டு பொட்டு. பாய் முதல் நாள் சொன்ன வாக்கியம் காதில் ஒலித்தது. கேட்காதீங்க என்றவரிடம் எப்படிப் போய்க் கேட்பது? போனேன்.

குழிக்குள் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தார். டிரெயின் போல்ட்டின் வாஷர். ஆயில் வடிக்கக் கழற்றும் அந்த போல்ட்டின் அடியில் ஒரு மெல்லிய வளையம் இருக்கும். இறுக்கும்போது அது நசுங்கித்தான் ஒழுகாமல் அடைக்கும். ஒரு தடவை நசுங்கினது மறுபடி சரியாக அடைக்காது. ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டிய, டீக்காசுக்குக் கிடைக்கிற சாமான். என் பையில் அது இல்லை. பாய் சாமான் வாங்கியிருந்தால் வாஷர் தானாக வந்திருக்கும், ஏனென்றால் அவர் டப்பாவில் அது எப்போதும் இருக்கிறது. "எல்லாத்தையும் நீங்களே கொண்டு வந்துட்டீங்கன்னு நெனச்சேன், அதான் பழசையே போட்டேன்" என்றார். அவர் தப்பா, என் தப்பா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வடித்த ஆயிலைச் சுத்தமான டப்பாவில் பிடித்து, வாஷரை மாற்றி, அதே ஆயிலைத் திரும்ப ஊற்றினார். காசு வாங்கவில்லை. வாஷருக்குக்கூட.

அதற்குப் பிறகுதான் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வந்தது. சர்வீஸுக்கு ஒரு வாரம் முன்னால் வண்டியைக் காட்டுவேன். அவர் பார்த்துவிட்டு லிஸ்ட் சொல்வார், வாட்ஸ்அப்பில் குரலாக. "ஆயில், ஃபில்டர், வாஷர் ஒண்ணு, ஏர் ஃபில்டர் இந்தத் தடவை வேணாம் ஊதிக்கலாம், கூலண்ட் ஒரு லிட்டர்." நான் வாங்கிப் போவேன். விட்டுப்போனது அவர் டப்பாவிலிருந்து வரும், காசு தனி.

அந்த லிஸ்ட்டில் ஒரு நாளும் வராத சாமான்கள் உண்டு. பிரேக் ஷூ, பேட், கிளட்ச் இதெல்லாம் அவரே வாங்குவதுதான் முறை என்பது பாயின் கட்சி, இதில் நான் முழுதாக அவர் பக்கம். நிற்கவேண்டிய இடத்தில் வண்டி நிற்காவிட்டால், யார் வாங்கியது என்று அப்போது பஞ்சாயத்து பேச முடியாது. பிரேக் ஆயிலில் நான் ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டேன். போன வருடம் பாதி ஊற்றி மிச்சம் வைத்த டாட் 4 பாட்டிலைச் சிக்கனமாகக் கொண்டுபோனேன். பாய் கையிலேயே வாங்கவில்லை. "தொறந்த பாட்டில் வேணாம்." அவர் காரணம் சொல்லவில்லை, நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்தக் கணக்கு 155-க்கு இறங்கிவிடும். ஏற்காடு இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது அது உள்ளே கொதித்துக் குமிழி விட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். உப்பையே கசியவைக்கிற சென்னைக் காற்றில் திறந்த பாட்டிலை ஒரு வருடம் அலமாரியில் வைத்திருந்தவள் நான்.

கூலண்ட்டில் பார்க்க வேண்டியது நிறத்தைவிட லேபிளை. அப்படியே ஊற்றுவதா, தண்ணீர் கலப்பதா என்று எழுதியிருக்கும். கலப்பது என்றால் டிஸ்டில்டு வாட்டர்தான், போர் தண்ணீர் இல்லை. ஏசி ஃபில்டருக்குப் பட்டறையே வேண்டாம், டேஷ்போர்டு டப்பாவைக் கழற்றினால் பின்னால் இருக்கிறது. என் பெண் பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டாள். பழைய ஃபில்டரில் இருந்தது பாதி வேப்பம்பூ.

இதில் எவ்வளவு மிச்சம் என்று கேட்பீர்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஜி.பி. ரோடில் குறைகிற காசில் பெரும் பகுதி பாயின் கூடுதல் லேபருக்குப் போய்விடுகிறது. மெட்ரோ டிக்கெட், வெயிலில் குடித்த கரும்புச்சாறு போக, வருடத்துக்கு இருநூறு முந்நூறு நின்றால் அதிசயம். கம்பெனி சென்டர் பில்லோடு ஒப்பிட்டால் நிறையவே மிச்சம்தான், ஆனால் அதற்கு ஆயிலை நான் வாங்கவே வேண்டியதில்லை, பாய் பட்டறைக்கு மாறினாலே போதும். என் வீட்டுக்காரர் இந்தக் கணக்கை எனக்கு அடிக்கடி நினைவூட்டுவார். வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்து ஓட்டுவதற்கு விலை போடத் தெரியவில்லை எனக்கு. அம்மாவும் மில் வாசலில் எங்களை நிற்கவைத்தது காசுக் கணக்குப் பார்த்து இல்லை.

மிச்ச ஆயில் ஒரு தனிக்கதை. என் வண்டிக்கு மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் கூட வேண்டும். கேன் மூன்று லிட்டர், அப்புறம் ஒரு லிட்டர். ஒவ்வொரு வருடமும் முக்கால் லிட்டருக்கு மேல் மிஞ்சும். தையல்காரரிடம் மிச்சத் துணியைக் கேட்டு வாங்கிவருகிற வம்சம் என்பதால் அதையும் மூடி இறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். கேட்டுக் கீல், சைக்கிள் செயின், மாமியார் வீட்டுக் கிணற்று ராட்டினம் எல்லாவற்றுக்கும் ஒசத்தியான சிந்தெடிக் ஆயில்தான். நாலாவது வருடம் ஒரு லிட்டர் கேன் வாங்கவே வேண்டியிருக்கவில்லை, ஒரே கிரேடு, ஒரே கம்பெனி என்பதால் பழைய மிச்சமே போதுமாக இருந்தது.

வடித்த கழிவு ஆயிலை நான் கேட்பதில்லை, அது பட்டறைக்கு. மில் தரையில் சிந்தியது மாதிரி. சென்ட்ரிங் வேலைக்காரர்கள் பலகையில் தடவ வாங்கிப்போவார்கள், கரையான் அரிக்கிற வேலிக்கம்புக்குப் பூச ஊர்ப்பக்கம் கேட்பார்கள். அபாயகரமான கழிவு என்று 2016 விதிகளில் பட்டியலிட்டிருக்கிறார்கள், பதிவுபெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்குத்தான் போக வேண்டும். பாயிடம் இப்போது ஒரு வண்டி வந்து பேரலில் எடுத்துப் போகிறது. சென்ட்ரிங்காரர்களுக்கு அதில் வருத்தம்.

போன மாதம் சர்வீஸுக்குப் போனபோது பாய் கொஞ்சம் இளைத்திருந்தார். பெண்ணுக்கு நிக்காஹ் வைத்திருக்கிறார். பத்திரிகையை ஸ்பானர் டிரேக்குப் பக்கத்திலிருந்து எடுத்து, கையைத் துடைத்துக்கொண்டு கொடுத்தார். பிரியாணி யார் என்று கேட்டேன். பெரம்பூர்ப் பக்கம் ஒரு பண்டாரி, நல்ல கை என்றார். அரிசி, ஆடு, எண்ணெய் எல்லாம் தானே போட்டுச் செய்து தருகிறேன், ஒரு தேக்சாவுக்கு இத்தனை என்று மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள் என்று பண்டாரி கேட்டிருக்கிறார்.

"நான் ஒத்துக்கல மேடம். எல்லாம் நானே வாங்கிட்டேன். எண்ணெய்கூட டின் டின்னா வீட்ல எறங்கிடுச்சு. என்ன ஊத்தறாங்கன்னு நமக்குத் தெரியணும் இல்ல?"

"பண்டாரி என்ன சொன்னார்?"

பாய் குழிக்குள் இறங்கினார். டிரெயின் போல்ட்டில் ஸ்பானரைப் பொருத்தினார்.

"கூலி ஏத்திட்டாரு. அப்புறம், ருசி கொறஞ்சா என்னைக் கேக்காதீங்கன்னாரு."